இன்னும் ஒருத்தர் வரணும்

வேன் இரண்டு மணிக்குப் புறப்பட வேண்டுமென்றால், அவர் ஒன்றரைக்கே கொட்டாஞ்சேனைச் சந்தியில் மருந்துக்கடை வாசலில் வந்து நிற்பார். கையில் கறுப்புக் குடை, தோளில் ஒரு துணிப்பை. பைக்குள் தண்ணீர்ப் போத்தல், பஞ்சு, பிளாஸ்டர், வாந்தி வருகிறவர்களுக்குத் தேசிக்காய், நாலைந்து பொலித்தீன் பைகள். ஆட்கள் ஒவ்வொருவராக வந்து ஏறுவார்கள். இரண்டு மணியாகும். சாரதி சுனில் ஜன்னலால் தலையை நீட்டி, “யமுத அக்கே?” என்பான். போகலாமா என்று அர்த்தம். அவர் வீதியின் மறுபக்கத்தைப் பார்த்தபடியே தமிழில் சொல்வார்.

“இன்னும் ஒருத்தர் வரணும்.”

சுனிலுக்குத் தமிழ் அவ்வளவாகத் தெரியாது. ஆனால் அந்த மூன்று சொல்லும் அவனுக்கு மனப்பாடம். எஞ்சினை நிறுத்திவிட்டு வெற்றிலை வாங்க இறங்கிவிடுவான்.

அந்த ஒருத்தர் ஒவ்வொரு கிழமையும் வேறு ஒருவராக இருப்பார். ஒரு நாள் அது நான்.

நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டேன். எங்கள் காரியாலயத்தில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். துறைமுகத்திலிருந்து சாமான்களை விடுவித்துக் கொடுக்கும் சின்னக் கம்பனி அது. அவர் அங்கே மூத்த கிளாக்கர். ஐம்பது வயதைத் தாண்டியவர், கலியாணம் கட்டாதவர், கொட்டாஞ்சேனையிலேயே பிறந்து வளர்ந்த கத்தோலிக்கர். நான் வெள்ளவத்தையிலிருந்து பஸ்ஸில் போய் அங்கே வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு இருபத்தேழு வயது. அந்த வருடம்தான் எனக்குப் பேசி முற்றாக்கியிருந்த கலியாணம் குழம்பியது. மாப்பிள்ளை வீட்டார் கனடாவிலிருந்து ஒரு தொலைபேசிக் கதையில் முடித்துவிட்டார்கள். சனிக்கிழமை பின்னேரம் என்றால் யாராவது சொந்தக்காரர் வீட்டுக்கு வருவார்கள். வந்து அம்மாவோடு குரலைத் தாழ்த்திக் கதைப்பார்கள். நான் அறைக்குள் இருந்து அந்தத் தாழ்ந்த குரலைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஃபைல்களைக் கட்டி வைக்கும்போது அவர் கேட்டார்.

“சனிக்கிழமை பின்னேரம் என்னா செய்வே தங்கச்சி?”

“ஒண்டுமில்லை அக்கா. வீட்டிலதான்.”

“அப்ப வா. மெச் இருக்கு.”

“எனக்கு ஃபுட்போல் ஒண்டும் தெரியாது அக்கா.”

“தெரியணும்னு இல்ல. வந்து நில்லு.”

போய் நின்றேன்.

அந்தக் காலத்தில் எங்கள் கொட்டாஞ்சேனைக் கழகத்தின் ஆட்டங்களில் பாதி அங்கேயே நடக்கும்; மற்ற ஆட்டங்களுக்குத்தான் வேன். மாநகர சபையின் மைதானம். புல் ஓரங்களில் மட்டும், நடுவில் வெறும் செம்மண். ஒரு பக்கம் மதில், மறுபக்கம் ஒழுங்கையும் வீடுகளும். மாடிகளில் உடுப்புக் காயப்போட வந்த பெண்கள் அப்படியே நின்று பார்ப்பார்கள். டிக்கட் கிடையாது, இருக்கை கிடையாது. மதிலில் ஏறி இருப்பவர்கள், த்ரீவீலைக் கோட்டோரம் நிறுத்திவிட்டு அதற்குள் இருந்தே பார்ப்பவர்கள், கோயிலுக்குப் போகிற வழியில் பத்து நிமிடம் நின்றுவிட்டுப் போகிறவர்கள். விளையாடியவர்களும் பெரும்பாலும் அந்தத் தெருக்காரர்கள்தான். துறைமுகத்தில் சுமை ஏற்றுபவன், பேலியகொடையில் மீன் லொறி ஓட்டுபவன், மன்னாரிலிருந்து வந்து அறை எடுத்துத் தங்கியிருந்த இரண்டு பேர், கொம்பனித்தெருவிலிருந்து வரும் கீப்பர்.

அக்கா மூலைக் கொடிக்குக் கிட்ட, தண்ணீர்க் குழாயடியில் நிற்பார். அது அவருடைய இடம் என்று எல்லோருக்கும் தெரியும். கத்தமாட்டார். பந்து அந்தப் பக்கம் வரும்போது மட்டும், பக்கத்தில் நிற்பவரிடம் கதைப்பதுபோல, “லிசிட மகனே, பின்னால ஆளு,” என்பார். வேனில் எங்களோடு வரும் லிசியின் மகன் ஜூட் திரும்பிப் பார்ப்பான். அவன் பின்வரிசையில் விளையாடுபவன். பந்தைத் தூரத்துக்கு அடித்து அனுப்புவதுதான் அவன் வேலை.

அன்றைக்கு நான் பந்தைப் பார்க்கவில்லை. ஆட்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. ஒரு கிழவர் கடலைச் சரையை நீட்டினார். அடுத்த சனிக்கிழமையும் போனேன். பிறகு ஆறு வருடம் போனேன்.

கடலை நீட்டிய கிழவர் அல்போன்ஸ் அங்கிள். துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். ஒரு கால் சரியில்லை. ஒருமுறை நீர்கொழும்பில் ஆட்டம் முடிந்து எல்லோரும் வேனில் ஏறிவிட்டோம், அவரைக் காணவில்லை. பத்து நிமிடம், இருபது நிமிடம், அரை மணித்தியாலம். மழை வேறு. லிசி சொன்னார், “அவர் பஸ்ஸில போயிருப்பாரு அக்கா.” யாரோ பஸ் தரிப்பில் அவரைக் கண்டதாகவும் சொன்னார்கள். அக்கா ஒத்துக்கொண்டு வேனைப் புறப்படச் சொன்னார். வத்தளை வரை வந்துவிட்டோம். பாலத்துக்குக் கிட்ட வரும்போது அக்கா சுனிலின் தோளில் தட்டினார்.

“திருப்பு.”

திரும்பிப் போனோம். மைதானத்தில் நாய்களைத் தவிர ஒருவரும் இல்லை. குடையைப் பிடித்துக்கொண்டு கேட்டடியில், கழிவறைப் பக்கம், பின்னால் இருந்த தேத்தண்ணிக் கடையில் எல்லாம் தேடினார். பிறகு வந்து ஏறினார். அல்போன்ஸ் அங்கிள் அந்த நேரம் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தார். கால் வலியில், வந்த முதல் பஸ்ஸில் ஏறிவிட்டாராம். அடுத்த கிழமை அவர் வெட்கப்பட்டுக்கொண்டு வந்து நின்றபோது, அக்கா அவருக்கு முன் இருக்கையைக் காட்டினார்.

“பஸ்ஸில போங்க அங்கிள், பரவாயில்ல. சொல்லிட்டுப் போங்க.”

அவ்வளவுதான். வேனில் இருந்த நாங்கள்தான் முணுமுணுத்தோம்.

இந்தக் குணத்தை முதலில் நான் அன்பு என்று நினைத்தேன். அன்புதான். ஆனால் அவருடைய அம்மா இறந்தபோது எனக்கு ஒரு பயம் வந்தது. அம்மா கண் மூடியது ஒரு புதன்கிழமை. இத்தாலியில் ஒரு தம்பி இருந்தார். டிக்கட் பார்க்கிறேன், முதலாளியிடம் கேட்கிறேன் என்று ஒவ்வொரு நாளும் சொல்லிக்கொண்டிருந்தார். பொரளையில் ஒரு மலர்ச்சாலையில் உடலை வைத்துக்கொண்டு அக்கா பொறுத்தார். இரண்டு நாள், மூன்று நாள். சொந்தக்காரர்கள் வந்து, இருந்து, போய், திரும்ப வந்தார்கள். பாதர் வந்து மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். ஐந்தாம் நாள் நான் போனபோது அந்த மண்டபத்தில் அக்காவும் அம்மாவும் மட்டும் இருந்தார்கள். கதிரைகளை அடுக்கி வைத்துவிட்டார்கள். பூக்கள் கறுத்திருந்தன.

“அக்கா, இன்னும் எத்தினை நாளைக்கு?” என்று கேட்டேன்.

“அவன் வந்து பாக்காட்டி, காலம் பூரா அவன் மனசு என்னா பாடுபடும்?”

அவருக்குத் தன் களைப்பு தெரியவில்லை. அம்மாவைக்கூட அவர் யோசித்ததாகத் தெரியவில்லை. வராத தம்பியின் மனதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தார். ஏழாம் நாள் தம்பி வரமுடியாது என்று அறிவித்தார். அன்று பின்னேரமே அடக்கம் செய்தோம். சவக்காலைக்கு வந்தவர்களில் அரைவாசிப்பேர் வேனில் வருகிற ஆட்கள்.

அடக்கம் முடிந்து வந்த சனிக்கிழமை ஒன்றரை மணிக்கு அவர் மருந்துக்கடை வாசலில் நின்றார்.

பிறகுதான் அந்தப் புதுப் போட்டி வந்தது.

அதுவரை எங்களுடையது கொழும்பையும் அதைச் சுற்றியுள்ள இடங்களையும் சேர்ந்த கழகங்களின் லீக். எல்லா மைதானமும் ஒரு பஸ், மிஞ்சினால் இரண்டு பஸ் தூரம். சனிக்கிழமை மூன்றரைக்கு ஆட்டம். எங்களுக்கும், நாலு தெரு தள்ளி இருந்த பாலத்தடிக் கழகத்துக்கும் வருடத்தில் இரண்டு முறை ஆட்டம் இருக்கும். அந்த இரண்டு நாளும் கொட்டாஞ்சேனையில் த்ரீவீல் பிடிக்க முடியாது. இந்த ஒழுங்கு முழுவதும் மாறப்போவதாக ஒரு நாள் பத்திரிகையில் வந்தது. நாடு முழுவதற்குமாக ஒரே ஒரு பெரிய லீக். அதில் ஒரு சில கழகங்கள் மட்டும். மற்றவையெல்லாம் மாகாண வலயங்களாகப் பிரிந்து கீழே விளையாடவேண்டும். பெரிய லீக்கின் ஆட்டங்கள் தொலைக்காட்சியில் வரும். அதில் விளையாட அனுமதிப் பத்திரம் வேண்டும். அனுமதிப் பத்திரத்துக்கு மின்விளக்கும் பார்வையாளர் மண்டபமும் உள்ள சொந்த மைதானம் வேண்டும், அல்லது அப்படியொன்றை வாடகைக்கு எடுத்த உறுதி வேண்டும்.

அந்த வருடம் எங்கள் பெடியன்கள் எப்போதும் இல்லாத மாதிரி விளையாடி இரண்டாவதாக வந்திருந்தார்கள். இடம் கிடைத்துவிட்டது. கழகத் தலைவர் மோட்டார் உதிரிப்பாகம் விற்பவர். நல்ல மனிதர், பேச்சுக்கு எடுபடுகிறவர். சந்தியில் வெடி கொளுத்தினார், எல்லோருக்கும் கேக் கொடுத்தார். அக்காவும் ஒரு துண்டு வாங்கி, கடதாசியில் சுற்றி, வேலையில் நின்ற ஜூட்டுக்கு என்று லிசியிடம் கொடுத்தார்.

எங்கள் மைதானத்தில் விளக்கும் இல்லை, மண்டபமும் இல்லை. ஆகவே எங்கள் ‘சொந்த மைதானம்’ என்று குருநாகல் பக்கம் ஒன்றை எடுத்தார்கள். இரண்டரை மணித்தியால ஓட்டம். தொலைக்காட்சிக்கு வசதியாக ஆட்டங்களை ஒவ்வொரு நாளுக்கும் பிரித்தபோது எங்களைப் போன்ற பெயரில்லாத கழகங்களுக்குக் கிடைத்தது செவ்வாயும் புதனும். சனிக்கிழமைகளில் பழைய மைதானத்தில் பயிற்சி மட்டும் நடக்கும்; அக்கா அதற்கும் குழாயடியில் வந்து நிற்பார்.

“நம்ம வீட்டுக்குப் போறதுக்கு லீவு போடணும்,” என்றார் அல்போன்ஸ் அங்கிள்.

முதல் ஆட்டத்துக்கு இரண்டு வேனும் ஒரு பஸ்ஸும் போயின. பெரிய மண்டபம், நீலக் கதிரைகள். நாங்கள் நூறு பேர் போயும் ஒரு மூலைகூட நிரம்பவில்லை. நாலு கோல் வாங்கினோம். திரும்பி வரும்போது ஒருவரும் தூங்கவில்லை. பெரிய ஆட்களோடு விளையாடினோம் தானே என்று கதைத்துக்கொண்டு வந்தோம். இரண்டாவது ஆட்டத்துக்கு பஸ் இல்லை. ஐந்தாவதுக்கு ஒரு வேன். துறைமுகத்தில் ஷிப்ட் மாற்றிக்கொடுக்க ஆள் இல்லை, கடையைப் பூட்டிவிட்டு வரமுடியாது, பிள்ளைக்கு டியூஷன், காலுக்கு ஏலாது. எல்லோரும் உண்மையான காரணம்தான் சொன்னார்கள். அக்கா முதல்நாள் இருந்து ஒவ்வொருவராகத் தொலைபேசியில் எடுத்துக் கேட்பார். அவருடைய வருடாந்த லீவு மாரி வருவதற்கு முன்பே முடிந்துவிட்டது. பிறகு அரைநாள், பிறகு சம்பளமில்லா லீவு. முதலாளி என்னைக் கூப்பிட்டு, “அவவுக்கு ஏதும் வருத்தமா?” என்று கேட்டார். நான் ஓம் என்று சொன்னேன். அது ஒருவகையில் பொய்யில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

கீழே விட்டுவந்தவர்களின் கதை அதைவிட மோசம். பாலத்தடிக் கழகத்துக்கு வலயத்தில் வருடம் முழுக்க ஐந்தாறு ஆட்டம்தான் கிடைத்தது. அதிலும் இரண்டுக்கு எதிரணி வரவில்லை. பெடியன்கள் சலித்துப்போய் மென்பந்துக் கிரிக்கெட்டுக்குப் போனார்கள். கழக அறையில் ஃபோன் திருத்தும் கடை வந்தது. அவர்களுடைய ஆள் ஒருவர், வருடக்கணக்காக எங்களை அசிங்க அசிங்கமாக ஏசியவர், ஒரு செவ்வாய்க்கிழமை மருந்துக்கடை வாசலுக்கு வந்து வேனைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“போய்ட்டு வாங்க,” என்றார் அக்காவிடம். “எங்களுக்கு ஏசக்கூட ஆள் இல்லாம போச்சு.”

“ஏறுங்களேன். இடம் இருக்கு,” என்றார் அக்கா.

அவர் வேன் கதவில் கையை வைத்துப் பார்த்தார். ஏறவில்லை.

இனி நான் சொல்லப்போவதை அந்த வேனில் இருந்த யாரும் பிறகு கதைத்ததில்லை.

ஒரு புதன்கிழமை. ஆட்டம் மூன்றரைக்கு. பன்னிரண்டரைக்கு வேன் எடுக்க வேண்டும். நாங்கள் பதினொரு பேர் இருந்தோம். ஃபாரூக் நானா வரவில்லை. த்ரீவீல் ஓட்டுபவர். மகளுக்குக் காய்ச்சல், கிளினிக்கில் காட்டிவிட்டு நேரே வருகிறேன், பொறுங்கள் என்று சொல்லியிருந்தார். அக்கா வீதியைப் பார்த்துக்கொண்டு நின்றார். சுனில் எஞ்சினை நிறுத்தினான். அரை மணித்தியாலம். ஒரு மணிக்கு நானா ஓடிவந்து ஏறினார். புறப்பட்டோம்.

அன்று காலையில் ஆட்டத்தை இரண்டு மணிக்கு முன்தள்ளிவிட்டார்கள். பின்னேரம் வேறொரு பெரிய ஆட்டம் நேரலையில் போகவேண்டுமாம். கழகத்துக்கு அறிவித்தார்கள். எங்களுக்கு அறிவிக்கவேண்டும் என்று கழகத்தில் யாருக்கும் தோன்றவில்லை.

மூன்றரைக்கு நாங்கள் கேட்டடியில் இறங்கும்போது உள்ளே விசில் சத்தம் கேட்டது. பயிற்சி செய்கிறார்கள் என்று நினைத்தோம். உள்ளே போனால் ஆட்டம் முடிய இருபது நிமிடம்தான் இருந்தது. பலகையில் ஒன்றுக்குப் பூச்சியம். ஒன்று எங்களுடையது. அந்தப் பருவத்தில் நாங்கள் அதுவரை ஓர் ஆட்டமும் வெல்லவில்லை. அந்த இருபது நிமிடமும் நாங்கள் பதினொரு பேரும், நானாவும், சுனிலும் சேர்ந்து கத்திய கத்தலில் எனக்கு இரண்டு நாள் குரல் அடைத்திருந்தது. அக்கா கதிரையின் பின்பக்கத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். வென்றோம்.

பெடியன்கள் எங்களை நோக்கி வந்தார்கள். கீப்பர்தான் முதலில் வந்தான்.

“அன்ரி, யாரு போட்டது தெரியுமா? ஜூட்.”

லிசி கையைத் தட்டிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். ஜூட் பின்னால் வந்தான். எட்டு வருடமாக விளையாடுகிறான். அவன் போட்ட முதல் கோல் அது.

“எங்கம்மா போனீங்க?” என்றான்.

“றோட்டுல இருந்தோம் மகன்,” என்றார் லிசி.

அவன் தலையை ஆட்டிவிட்டு, குளிக்கப் போனான்.

திரும்பி வரும் வழியில் நானாவின் ஃபோனில் அந்தக் காட்சி வந்துவிட்டது. அவர் சந்தோசத்தில் அதை லிசியிடம் கொடுத்தார். நான் பக்கத்தில் இருந்தேன். அக்கா முன்னால் இருந்து திரும்பிப் பார்த்தார். மூலை உதை. பந்து உயர்ந்து வருகிறது. ஜூட் எல்லோருக்கும் மேலாக எழும்பித் தலையால் அடிக்கிறான். கோல். அவன் கையை விரித்துக்கொண்டு ஓடுகிறான். எங்கள் மூலையை நோக்கி ஓடுகிறான், நாங்கள் எப்போதும் இருக்கிற இடத்துக்கு. கமரா அவனோடு போகிறது. நீலக் கதிரைகள் மட்டும் வரிசை வரிசையாக வருகின்றன. அவன் பாதி வழியில் வேகம் குறைகிறான். நிற்கிறான். கையை இறக்கிவிட்டு இடுப்பில் வைத்துக்கொண்டு, எந்தப் பக்கம் போவது என்று தெரியாதவன் மாதிரித் திரும்புகிறான். பிறகு மற்றப் பெடியன்கள் வந்து அவன்மேல் விழுகிறார்கள்.

லிசி அதைத் திரும்பப் போட்டுப் பார்த்தார். எத்தனை நிமிடத்தில் அடித்தது என்று அதில் எழுதியிருந்தது. அவர் விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தார். நேரத்துக்குப் புறப்பட்டிருந்தால் இரண்டாவது பாதி தொடங்கும்போதே நாங்கள் போயிருப்போம்; கோல் அதற்குப் பிறகுதான்.

ஃபோனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சத்தம் போடாமல்தான் சொன்னார்.

“அக்கா, நான் ஒண்ணு சொல்லவா? நேரத்துக்கு வந்து நிக்கிறவங்களும் ஆளுங்கதான்.”

ஃபாரூக் நானா தலையைக் குனிந்துகொண்டார்.

“ஆமா லிசி,” என்றார் அக்கா.

அவர் நேரத்தை முன்தள்ளியவர்களைச் சொல்லியிருக்கலாம். அறிவிக்காத கழகத்தைச் சொல்லியிருக்கலாம். பழைய நேரமென்றால் நாங்கள் சரியாக வந்திருப்போம் என்று லிசியிடம் விளக்கியிருக்கலாம். கொட்டாஞ்சேனை வரும்வரை முன் கண்ணாடியால் வீதியையே பார்த்துக்கொண்டு வந்தார். இறங்கும்போது லிசியின் கையைப் பிடித்தார். லிசி கையை இழுக்கவில்லை, திருப்பிப் பிடிக்கவும் இல்லை.

அடுத்த பயணத்துக்கு ஒன்பது பேர் வந்தோம். பன்னிரண்டரை ஆனது. சுனில் தலையை நீட்டி, “யமுத அக்கே?” என்றான்.

“போவோம்,” என்றார்.

சுனில் எஞ்சினைப் போடவில்லை. அவரையே பார்த்தான். அவர் ஏறி, கதவை இழுத்துச் சாத்தி, இன்னொரு முறை சொன்னார். பிறகுதான் போட்டான். அன்று வரவேண்டியிருந்தவர் அல்போன்ஸ் அங்கிள். ஐந்து நிமிடம் கழித்து, காலை இழுத்துக்கொண்டு சந்திக்கு வந்தாராம். மருந்துக்கடைக்காரர் வேன் போய்விட்டது என்று சொல்லியும் நம்பாமல் கொஞ்சநேரம் நின்றாராம். பிறகு காரியாலயத்தடியில் என்னைக் கண்டபோது, “நேரத்துக்குப் போறதுதானே சரி. அதுல பிழை இல்ல,” என்றார். அதற்குப் பிறகு அவர் வரவில்லை. அக்கா அவர் வீட்டுக்கு இரண்டு முறை போனார். பிளேன்டீ குடித்து, கால் எப்படி என்று கேட்டுவிட்டு வந்தார். வேனைப் பற்றி இருவரும் கதைக்கவில்லை என்று சொன்னார்.

பருவம் முடியும்போது நாங்கள் கடைசி. ஆனால் பெரிய லீக்கில் கடைசியாக வந்தாலும் உடனே கீழே இறக்கமாட்டார்கள், அனுமதிப் பத்திரம் இன்னும் இரண்டு வருடம் செல்லும். அதனால்தான் அதற்கு ஒரு மதிப்பு இருந்தது. தெற்கில் ஒரு ஊரில் பணக்காரர்கள் சிலர் புதிதாக ஓர் அணி கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் விளக்கும் மண்டபமும் உள்ள மைதானம் இருந்தது. இடம்தான் இல்லை. எங்கள் தலைவர் கழகத்தின் இடத்தை அவர்களுக்குக் கொடுப்பது என்று பேசி முடித்துவிட்டு, புதுப் பருவம் தொடங்க ஒரு கிழமை இருக்கும்போது பாடசாலை மண்டபம் ஒன்றில் கூட்டம் வைத்தார்.

அக்கா கழகத்தில் அங்கத்தவர் இல்லை. பெண்களை அங்கத்தவராகச் சேர்க்கும் வழக்கம் அங்கே இருக்கவில்லை, அவர் கேட்டதும் இல்லை. நானும் அவரும் வாசலோடு நின்றோம்.

தலைவர் எழும்பி, கண் கலங்கத்தான் கதைத்தார். வாடகை கட்ட ஏலாது, பெடியன்களுக்குப் போக்குவரத்துக் கொடுக்க ஏலாது. வலயத்துக்கு இறங்குவது என்றாலும் அங்கே இந்த வருடத்துக்கு இடம் நிரம்பிவிட்டது. நாலு பெடியன்களைப் புது அணி எடுக்கும். மற்றவர்கள் விரும்பிய இடத்துக்குப் போகலாம். கழகத்தின் பெயரைப் பத்திரமாக வைத்திருப்போம், காலம் வந்தால் பார்ப்போம் என்றார். யாரோ கோபத்தில் கதிரையைத் தள்ளினார்கள். யாரோ தலைவருக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். ஜூட் சுவரோரம் நின்றான். அவன் அந்த நாலு பேரில் இல்லை.

கேள்வி ஏதும் உண்டா என்று கேட்டபோது, வாசலில் இருந்து அக்கா கையை உயர்த்தினார். தலைவர், “சொல்லுங்க அக்கா,” என்றார்.

“அடுத்த சனிக்கிழமை என்னா செய்றது?”

அவர் குத்தலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார். தலைவர் கையிலிருந்த கடதாசிகளை ஒழுங்காக அடுக்கினார். முன்வரிசையில் இருந்த ஒருவர் முகத்தைத் துடைத்தார். சில நிமிடங்களில் கூட்டம் கலைந்தது.

அடுத்த சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு மணி அடித்தது. அம்மா கதவைத் திறந்து என்னைக் கூப்பிட்டார். அக்கா நின்றார். ஆறு வருடத்தில் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தது அதுதான் முதல்முறை. மடிப்புக் குலையாத சட்டை, தலைக்கு எண்ணெய் வைத்து வாரியிருந்தார்.

“இந்தப் பக்கம் ஒரு வேலையா வந்தேன்,” என்றார்.

என்ன வேலை என்று நான் கேட்கவில்லை. அம்மா தேத்தண்ணியும் வடையும் கொண்டுவந்து வைத்தார். இருவருக்கும் கதைக்க ஒன்றும் இருக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் எந்த இடம் என்று அக்கா கேட்டார். உங்களுக்கு எத்தனை சகோதரங்கள் என்று அம்மா கேட்டார். கடல்காற்றுக்கு ஜன்னல் திரை எழும்பி விழுந்தது. அம்மா தொலைக்காட்சியைப் போட்டு, அலைவரிசையை மாற்றிக்கொண்டு போனபோது நீலக் கதிரைகள் உள்ள ஒரு மைதானம் வந்தது. எங்கள் இடத்தை வாங்கியவர்கள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். மண்டபம் நிறைய ஆட்கள், கொடிகள், மேளம். அம்மாவுக்கு அது தெரியாது. “நீங்கள் இதைப் பாக்கிறனீங்கள்தானே,” என்று அன்பாக அதிலேயே நிறுத்தினார்.

அக்கா ஒரு நிமிடம் பார்த்தார்.

“நல்லா ஆடுறாங்க,” என்றார். பிறகு, “நீங்க பாக்கிறதப் போடுங்கம்மா.”

அம்மா தன் நாடகத்தைப் போட்டார். அதில் ஒரு மாமியார், இரண்டு மருமகள்மார், காணாமற்போன ஒரு பத்திரம். அக்கா கவனமாகப் பார்த்தார். இது யார், அது ஏன் அழுகிறது என்று இடையில் கேட்டார். ஐந்தேகாலுக்கு எழும்பி, குடையை எடுத்துக்கொண்டு போனார். அடுத்த சனிக்கிழமையும் வந்தார். நாலு சனிக்கிழமை வந்தார்.

நாலாம் முறை அவர் போனபிறகு அம்மா கோப்பைகளை எடுத்துக்கொண்டு சொன்னார்.

“பாவம். போறதுக்கு ஓரிடமும் இல்லைப் போல.”

நான் தொலைக்காட்சியை நிறுத்தினேன்.

ஐந்தாம் சனிக்கிழமை அவர் வரவில்லை. அம்மா வடைக்கு ஊறப்போட்டிருந்தார். திங்கட்கிழமை காரியாலயத்தில் கேட்டேன். சனிக்கிழமைகளிலும் காரியாலயம் திறக்கவேண்டி வந்திருக்கிறது, யாராவது ஒருவர் இருக்கவேண்டும் என்று முதலாளி கேட்டாராம். அவர் ஒத்துக்கொண்டாராம்.

“பின்னேரம் அஞ்சரை வரைக்கும்,” என்றார். “கப்பல் காரங்க ஃபோன் எடுப்பாங்க. அனேகமா ஒருத்தரும் எடுக்கிறதில்ல.”

ஃபைலைப் புரட்டிக்கொண்டே இருந்தார். கொஞ்சநேரம் கழித்து நிமிர்ந்தார்.

“தங்கச்சி, அந்தப் பத்திரம் கிடைச்சிச்சா?”

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு அம்மாவிடம் கேட்டு வந்து சொன்னேன். சின்ன மருமகள்தான் எடுத்து ஒளித்து வைத்திருந்தாள். அதற்குப் பிறகு நான் அந்த வேலையை விடும்வரை, ஒன்றரை வருடம், ஒவ்வொரு திங்கட்கிழமையும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அந்த நாடகத்தில் என்ன நடந்தது என்று அவருக்குச் சொன்னேன். அவர் சோற்றைப் பிசைந்தபடி கேட்டுக்கொண்டிருப்பார். ஆட்டத்தைப் பற்றி நாங்கள் கதைக்கவில்லை.